அண்டா போன இடம்

குடியாத்தம் வீட்டைக் காலி செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. நான் காட்பாடியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் அக்கா ஆம்பூரிலிருந்து வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பரண் மேல் ஏறியிருப்பாள். "இது ஏன்டா இன்னும் இங்க கீது?" என்று ஒவ்வொரு சாமானாகக் கீழே வரும்.

தறி அப்பா இருக்கும்போதே போய்விட்டது. லுங்கி நெய்த குழித்தறி. முழங்கால் போனதும் மரக்கடைக்காரரைக் கூப்பிட்டு அவரே விறகு விலைக்குக் கொடுத்தார். குழியை மண் போட்டு மூடி சிமெண்ட் பூசினோம். அந்தச் சதுரம் மட்டும் தரையில் நிறம் மாறித் தெரியும். கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்தேன். படம் எடுத்துக்கொண்டால் பொருளை விடுவது சுலபம் என்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடி முட்டும் சத்தத்தில் பாடம் படித்தவன் நான். படத்தில் அந்தச் சத்தம் எங்கே இருக்கிறது?

கடிதங்களைப் பற்றி முடிவெடுக்கும் வேலையே இல்லை. 2021 நவம்பரில் கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்த இன்லண்டு லெட்டர்கள் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. பிரித்தால் நீல மைதான் கையில் ஒட்டியது.

கடைசியில் அண்டா. பித்தளை, அம்மாவின் சீர். கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்: அம்மா பெயர், 'ஆரணி, வ.ஆ., 1971'. அப்போது ஆரணியும் குடியாத்தமும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் பிரித்ததில் அம்மா பிறந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. "என்னை வேற ஜில்லாவுல கட்டிக் குடுத்த மாதிரி ஆக்கிட்டானுங்க" என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாத்திரக் கடைக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். கடைக்காரர் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். கணீர் என்றது. தராசில் பதினோரு கிலோ இருநூறு. "பழசுக்குக் கழிவு உண்டு, ஒட்டு வச்சிருக்கீங்க, அதுக்கும் கழிக்கணும்" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவர் தொழில் அது. ஆனால் அம்மா பெயரையும் எடையில் சேர்த்துப் போடுகிறாரே என்று எனக்குத் தோன்றிவிட்டது. பித்துக்குளித்தனம்தான். அக்கா ஒன்றும் பேசாமல் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதை நான் பிடித்தேன். வந்த ஆட்டோவிலேயே திரும்பினோம்.

என் வீட்டில் வைக்க இடமில்லை. அவள் வீட்டில் மருமகள் சம்மதிக்க மாட்டாள். தெருமுனை மாரியம்மன் கோயிலில் கேட்டோம். "கூழுக்கு ஆவும், ஆனா ஈயம் பூசணும். புளிச்ச கூழ் வெறும் பித்தளையில கெட்டுப்பூடும்" என்றார் பூசாரி. ஈயம் பூசுகிற ஆள் கிடைப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. உள்ளே வெள்ளியாக மின்னியபோது அக்கா எட்டிப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சரி, நாடா? அது என் மேஜையில் இருக்கிறது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர், நடுவில் நூல் தார் செருகுகிற பள்ளம். அதைக் கொடுப்பதாக இல்லை.

ஆடியில் கூழ் வார்க்கும் அன்று போயிருந்தேன். அடிப்பக்கம் கரியேறி அண்டா கறுத்திருந்தது, கழுத்தில் மட்டும் எழுத்து தெரிந்தது. சொம்போடு வரிசையில் நின்ற பையன் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"வ.ஆ.ன்னா இன்னா மாமா?"

"வட ஆற்காடு."

"அது எங்க கீது?"

பூசாரி அதற்குள் அவன் சொம்பில் கூழை ஊற்றிவிட்டு, "அடுத்து வா" என்றார்.