மைக்ரோமீட்டர் பிடிக்கும் தம்பிகளுக்கு

குறுவை தொடங்கினால் மன்னார்குடிப் பக்கத்து லேத் பட்டறைகளில் பம்புசெட் ஷாஃப்ட்டுகள் (சுழலும் தண்டுகள்) வந்து குவிந்துவிடும். வேலை பழகும் தம்பிகள் தண்டின் தடிமனை நுட்பமாக அளக்கும் டிஜிட்டல் மைக்ரோமீட்டரின் திரையில் 24.998 மில்லிமீட்டர் என்று தெரிந்ததும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். மனம் பொறுக்கவில்லை, எழுதுகிறேன்.

திரை 0.001 மில்லிமீட்டர் வரை காட்டும். காட்டுவதெல்லாம் சரியான அளவாகிவிடாது. முதலில், கருவி தண்டைப் பிடிக்கும் இரண்டு முகங்களுக்கும் நடுவே சுத்தமான வெள்ளைத் தாளை வைத்து மெல்ல மூடி, உருவி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு கறுப்புக் கோடாகத் தாளில் வந்துவிடும். பிறகு மூடிப் பாருங்கள், பூஜ்யம் வருகிறதா? துடைக்காமல் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கினால் அழுக்கும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இறுக்குவதற்கு ராட்செட் (அளவான அழுத்தம் வந்ததும் நழுவிவிடும் திருகி) மட்டும்தான். இரண்டு மூன்று முறை ‘கிளிக்’ என்றால் போதும். முறுக்கித் திருகினால் கருவியின் வளைந்த சட்டம் விரிந்துகொடுத்து, அளவைக் குறைத்துக் காட்டும்.

எனக்குப் பெரிய கவலை சூடுதான். அளவுகளுக்கான நிலையான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 25 மி.மீ. எஃகுத் தண்டு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மைக்ரான் (0.003 மி.மீ.) பருக்கும். கடைந்த சூட்டோடு அளந்தால், ஆறியபின் 25 மி.மீ. துளையுள்ள 6205 பேரிங் அதில் தளர்ந்து உட்காரும். நம் ஊர் வெயிலில் பட்டறைத் தகரக் கூரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்டும் கருவியும் ஒன்றாக ஆறட்டும், அவசரப்படாதீர்கள்.

ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். இரு முனை, நடு, பிறகு கால் சுற்றுத் திருப்பி மறுபடியும். ஒரு பக்கம் தேய்ந்த தண்டு அப்போதுதான் அகப்படும்.

பெட்டியில் வைக்கும்போது முகங்களைச் சற்று விலக்கியே வையுங்கள்.