வெந்நீர் கெட்டில் அனுப்பும் மின்னஞ்சல்

தனியாக இருக்கும் அப்பா அம்மா வீட்டில் கேமரா மாட்டலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு ஜப்பானின் ஜோஜிருஷி நிறுவனத்தின் கெட்டில்தான் ஞாபகம் வரும். 2001-லேயே வந்துவிட்டது, அலெக்சா எல்லாம் பிறப்பதற்கு முன்பே.

1996-ல் டோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் ஒரு வயதான தாயும் நோயாளி மகனும் இறந்து கிடந்தது பல நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அதன் அதிர்ச்சியில் வந்த யோசனை இது.

அங்கே பெரியவர்கள் தேநீருக்காக நாள் முழுக்க வெந்நீர் வைத்திருப்பார்கள். அந்தக் கெட்டிலுக்குள்ளேயே வயர்லெஸ் கருவியைப் பொருத்திவிட்டார்கள். பாட்டி எப்போது தண்ணீர் பிடித்தார் என்று தினமும் இரண்டு முறை பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் போகும். அவ்வளவுதான். பாட்டி புதிதாக எதையும் கற்க வேண்டாம், படுக்கையறையை யாரும் எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

கீழே விழுந்தால் இது உடனே சொல்லாது, உண்மைதான். அதற்கு ஆப்பிள் வாட்ச் 2018-லிருந்து இருக்கிறது. ஆனால் அதைத் தினமும் சார்ஜ் போட்டு, மறக்காமல் கட்டிக்கொள்ளும்படி நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள்!

நம்ம ஊருக்கென்றால் கருவியை டிவியில் வைக்கலாம். சீரியல் நேரத்தில் அது ஓடவில்லையா, உடனே பக்கத்து வீட்டுக்கு போன் போடு.