எல்பிஐசி 101 எழுதப் போகிறவர்களுக்கு: ஆப்ஷனோடு ஒட்டி எழுதுங்கள்

லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழான எல்பிஐசி-1-இன் முதல் தேர்வு 101. அதன் முடிவு வந்துவிட்டது, தேறியாயிற்று. 60 கேள்வி, 90 நிமிடம், 500 எடுத்தால் தேர்ச்சி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் கவனக்குறைவால் மதிப்பெண் போகும் ஒரே இடத்தை மட்டும் சொல்கிறேன்: மதிப்பு கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம் என்கிற ஆப்ஷன்கள் (கட்டளையின் நடத்தையை மாற்றக் கோடு போட்டு எழுதுபவை).

மதிப்பு கட்டாயம் என்றால் இடைவெளி விட்டும் எழுதலாம். விருப்பம் என்றால் ஒட்டித்தான் எழுத வேண்டும்: ஒற்றைக் கோட்டு ஆப்ஷனில் எழுத்தோடு சேர்த்து, இரட்டைக் கோட்டில் சமக்குறி போட்டு. கோப்புகளைப் பட்டியலிட "எல்எஸ் --கலர் ஆல்வேஸ்" (ls --color always) என்று அடித்தால், ஆல்வேஸ் என்பது மதிப்பா, கோப்பின் பெயரா என்று நிரலுக்குத் தெரிய வழியில்லை. அதனால் தனியாக நிற்கும் சொல்லை அது கோப்பாகவே எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது. "--கலர்=ஆல்வேஸ்" என்றால் சிக்கலே இல்லை.

வரிகளைத் திருத்தும் செட் (sed) கட்டளையில் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். அதில் 'ஐ' ஆப்ஷன் கோப்பையே நேரடியாகத் திருத்தும். "-ஐ.பேக்" பழைய கோப்புக்கு நகல் வைக்கும். இடைவெளி விட்டால் ".பேக்" என்பதையே செட் நிரலாகப் படித்துப் பிழை காட்டும். பிழை காட்டினால் நல்லது. "-ஐஎன்" என்று சேர்த்து எழுதும்போது அதுவும் வராது. 'என்' நகலின் பின்னொட்டாகிவிடும், அச்சிடலை நிறுத்தும் வேலையைச் செய்யாது. வரியை அச்சிடும் 'பி' கட்டளையும் சேர்ந்திருந்தால் பொருந்தும் வரிகள் கோப்பிலேயே இரண்டிரண்டாக நிற்கும். "-என்ஐ" என்று வரிசையை மாற்றினால் பொருந்தும் வரிகள் மட்டும் மிஞ்சும். ஐ எப்போதும் கடைசியில் வரட்டும்.

மேக் கணினியில் பயிற்சி வேண்டாம். அங்குள்ள செட்டில் ஐ-க்கு மதிப்பு கட்டாயம்; நகல் வேண்டாமென்றால் வெற்று மேற்கோளைத் தனியாகத் தர வேண்டும். தேர்வுக்கு வேண்டியது லினக்ஸில் உள்ள குனு கருவிகளின் வழக்கம்.

கட்டளையின் கையேடான மேன் பக்கத்தில் பார்க்க வேண்டியவை:

- சதுர அடைப்பு சமக்குறியையும் உள்ளே வைத்திருந்தால் மதிப்பு விருப்பம்.
- சிபி (நகலெடுக்கும் கட்டளை): "-பி" மதிப்பே ஏற்காது; "--பேக்கப்=நம்பர்ட்" ஏற்கும்.
- டிஃப் (கோப்புகளை ஒப்பிடும் கட்டளை): சின்ன யூ மாற்றத்தைச் சுற்றி 3 வரி காட்டும்; பெரிய யூவுக்கு எண் கட்டாயம்.
- எக்ஸ்ஆர்க்ஸ் (உள்ளீட்டை வேறொரு கட்டளைக்குத் தரும் நிரல்): சின்ன ஐ கைவிடப்பட்டது. பெரிய ஐ மட்டும் எழுதுங்கள்.

இரண்டாம் தேர்வான 102-க்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது: பேஷ் ஷெல்லில் ஆப்ஷன்களைப் படிக்கும் கெட்ஆப்ட்ஸுக்கு விருப்ப மதிப்பு தெரியாது, அதில் ஒரு முக்காற்புள்ளி என்றால் கட்டாயம். யுட்டில்-லினக்ஸ் தொகுப்பின் கெட்ஆப்ட் கட்டளையில் இரண்டு முக்காற்புள்ளி விருப்பத்தைக் குறிக்கும்; மதிப்பு வராவிட்டால் வெற்றுச் சரத்தைத் தரும் என்பதால், ஆப்ஷனையும் மதிப்பையும் சேர்த்துத் தாண்ட "ஷிஃப்ட் 2" போட வேண்டும்.

நீங்களே ஆப்ஷன் வகுத்தால் யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரமான போசிக்ஸின் 7-ஆம் நெறியைப் பின்பற்றுங்கள்: ஆப்ஷனின் மதிப்பு விருப்பமாக இருக்கக் கூடாது. டிஃப் செய்வதைப் போல மதிப்பில்லாதது ஒன்று, மதிப்புள்ளது ஒன்று என இரண்டாகப் பிரியுங்கள். முடியவில்லையென்றால் சமக்குறி வைத்த நீளப் பெயர் மட்டும் கொடுங்கள், ஒற்றை எழுத்து வேண்டாம்.