படிப்பவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம்

என் தளத்தில் அதிகம் பேர் வந்து படிப்பது வலிப்பும் கல்யாணமும் பற்றிய பக்கத்தைத்தான். இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் வலிப்பு நோயையும் ஒரு தடையாகச் சேர்த்தார்கள், 1999-ல் அந்தச் சொல்லை நீக்கினார்கள். இத்தனை வருஷம் ஆகியும் வரன் பார்க்கும் வீடுகளில் அதை மறைத்துத்தான் பேசுகிறார்கள். எனக்கும் சிறு வயதிலிருந்து வலிப்பு உண்டு. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு இந்த மாதிரிப் பக்கத்தைத் திறப்பவரின் மனநிலை எனக்குத் தெரியும்.

எத்தனை பேர் வருகிறார்கள் என்பது எனக்கு வேண்டும். கர்ப்ப காலத்தில் வலிப்பு மாத்திரை பற்றிய பக்கத்துக்குத் தேடல் வழியாக நிறையப் பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால், அதைத்தான் முதலில் மருத்துவரிடம் காட்டித் திருத்துவேன். ஆனால் வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிடிக்ஸ் கருவியைப் போட்டால் படிப்பவரின் உலாவியில் குக்கீ என்ற ஒரு சிறு அடையாளக் குறிப்பு உட்காரும். அதன் வழக்கமான ஆயுள் 2 வருஷம். வலிப்பு பற்றிப் படித்த தடயம் அவ்வளவு நாள் ஒருவரின் போனில் இருக்க நான் காரணமாக மாட்டேன்.

அதனால் பிளாசிபிள் என்ற வேறொரு கணக்கிடும் கருவியை என் சர்வரிலேயே நிறுவியிருக்கிறேன். திறமூல மென்பொருள், குக்கீ கிடையாது. வருபவரின் ஐபி முகவரி (அவருடைய இணைய இணைப்பின் எண்), உலாவி விவரம், தளத்தின் பெயர், இவற்றோடு அன்றைக்கு மட்டும் செல்லும் ஒரு ரகசிய எண், எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து ஒரு குறியீடு ஆக்குகிறது. ஐபி முகவரி எங்கும் பதிவாவதில்லை. அந்த ரகசிய எண்தான் இதில் உயிர். அது இல்லாவிட்டால், பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது ஒரு கணினிக்குப் பெரிய வேலை இல்லை. தினமும் அந்த எண் அழிந்து புதிது வருவதால், நேற்றைய குறியீட்டை வைத்து என்னாலும் பின்னோக்கிப் போக முடியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. நேற்று வந்தவர் இன்று வந்தால் புது ஆளாகக் கணக்காகிறார். மொபைல் நெட்வொர்க்கில் பலர் ஒரே முகவரியைப் பகிர்வதால், ஒரே மாதிரிப் போன் வைத்திருக்கும் இரண்டு பேர் ஒருவராகிவிடலாம். இருக்கட்டும். எந்தப் பக்கத்துக்கு வேலை தேவை என்று சொல்ல இந்தக் கணக்கு போதும். ஊர் விவரத்தை நான் சேகரிப்பதே இல்லை. சின்ன ஊரில் ஒரே ஒருவர் படித்திருந்தால், ஊர்ப்பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஓர் இடம், சர்வரிலிருந்து பக்கங்களை அனுப்பும் மென்பொருளான என்ஜின்எக்ஸ். நாம் எந்தக் கருவியைப் போட்டாலும், என்ஜின்எக்ஸ் தன் பாட்டுக்கு ஒவ்வொரு வருகையையும் முழு ஐபி முகவரியோடு, நேரத்தோடு, திறந்த பக்கத்தோடு ஒரு வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். அமைப்புக் கோப்பில் 'அக்செஸ்_லாக் ஆஃப்' என்று போட்டு நிறுத்தினேன். தமிழ் எழுத்துருவையும் கூகுளிலிருந்து இழுக்காமல் என் சர்வரிலேயே வைத்திருக்கிறேன். இப்படி எழுத்துரு இழுத்ததில் ஐபி முகவரி கூகுளுக்குப் போனதற்காக, 2022 ஜனவரியில் ம்யூனிக் நீதிமன்றம் ஒரு தளத்தாருக்கு 100 யூரோ இழப்பீடு விதித்தது.

நீங்களும் உடல்நலம், கடன், குடும்ப வழக்கு பற்றியெல்லாம் எழுதுபவர் என்றால், இன்றைக்கே உங்கள் தளத்தைத் திறந்து, உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் இருக்கும் நெட்வொர்க் பகுதியில் அது எந்தெந்த வெளி முகவரிகளைக் கூப்பிடுகிறது என்று பாருங்கள்.