டோக்கியோவின் வெப்பமான பத்தாண்டு எது?

ஜப்பான் வானிலை முகமையின் அட்டவணையிலிருந்து டோக்கியோவின் ஆண்டு சராசரிகளை எடுத்து, பத்துப் பத்தாகக் கூட்டி வகுத்துப் பாருங்கள். 2001–2010க்கு 16.6 டிகிரி வரும். 2011–2020க்கு 16.5. நகரம் குளிர ஆரம்பித்துவிட்டதோ என்று தோன்றும். அப்படி இல்லை, நடுவில் வெப்பமானி இடம் மாறியிருக்கிறது.

2014 டிசம்பர் 2 அன்று நிலையம் ஓத்தேமாச்சி அலுவலகப் பகுதியிலிருந்து 900 மீட்டர் தள்ளி, கிதானோமாரு பூங்காவுக்குப் போனது. பழைய இடத்தைச் சுற்றி உயரமான கட்டடங்களும் தார்ச்சாலைகளும். பகலில் வாங்கிய சூட்டை அவை இரவெல்லாம் வெளிவிடும். சுவர்கள் வானத்தை மறைப்பதால் தரையின் வெப்பம் மேலே போகவும் வழி குறைவு. புதிய இடத்தில் புல்தரையும் மரங்களும். அதனால் இரவில்தான் வித்தியாசம் அதிகம். 1981–2010 சராசரியை எடுத்தால், ஓத்தேமாச்சியின் அதிகபட்சம் 20.0, குறைந்தபட்சம் 13.0, நாள் சராசரி 16.3. பூங்காவுக்கு ஏற்பத் திருத்தியபோது இவை 19.8, 11.6, 15.4 ஆயின. பகலில் 0.2 டிகிரிதான், இரவில் 1.4.

இரண்டு இடங்களிலும் சில ஆண்டுகள் ஒரே நேரத்தில் அளந்து பார்த்துவிட்டுத்தான் மாற்றினார்கள். இது பெரிய உபகாரம். இணை அளவீடு இல்லாத ஊர்களில் பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியிருக்கும்.

திருத்தும்போது பலரும் சறுக்குவது, ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணைக் கழிப்பதில். ஜனவரி குறைந்தபட்சம் 2.5லிருந்து 0.9 ஆனது, அதாவது 1.6 குறைவு. ஆகஸ்டில் 24.2லிருந்து 23.0, வெறும் 1.2. உறைபனி நாட்களையோ 25 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகளையோ எண்ணுகிறவர்கள் மாதவாரியாக, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் தனித்தனியாகக் கழித்தே ஆக வேண்டும். ஆண்டு சராசரி மட்டும் போதுமென்றால் 2014 வரையிலான ஒவ்வோர் ஆண்டிலும் 0.9 (16.3க்கும் 15.4க்கும் உள்ள வித்தியாசம்) கழித்தால் போதும். 2014இல் டிசம்பர் மட்டும்தான் புதிய இடம். அந்த ஆண்டைப் பழைய இடத்தோடு சேர்க்கலாம்.

கழித்தபின் 2001–2010 15.7க்கு இறங்குகிறது, 2011–2020 16.1இல் நிற்கிறது. தனி ஆண்டுகளின் வரிசையும் புரளும். 17.3 என்று பதிவான 2004, திருத்தியபின் 16.4 ஆகி, 16.8 பதிவான 2018க்குக் கீழே போய்விடுகிறது.

பத்தாண்டு என்றால் 1இல் தொடங்கி 0இல் முடிய வேண்டும் என்று கட்டாயமில்லை. என்னைக் கேட்டால் 2015–2024 தான் இங்கே பொருத்தமானது. மொத்தமும் பூங்காவில் அளந்தது, திருத்தமே தேவையில்லை. சராசரி 16.7. 2023, 2024 இரண்டுமே 17.6. முந்தைய பத்தாண்டு, 2005–2014, திருத்தியபின் 15.7. ஒரே தலைமுறைக்குள் ஒரு டிகிரி ஏறியிருக்கிறது. இது சின்ன விஷயமில்லை.

தரவிறக்கும் கோப்பில் ஒருசீர்மை எண் என்று ஒரு நெடுவரிசை உண்டு. அளவிடும் சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும். கோப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை முதலிலேயே நீக்கிவிடாதீர்கள்.

சென்னைக்குக் கணக்குப் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்ற இரண்டு வானிலை நிலையங்களின் அளவுகளை ஒரே தொடராக ஒட்டக் கூடாது. கடற்காற்று மீனம்பாக்கத்துக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும்; கோடைப் பகல் அங்கே பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். நாள் சராசரியிலும் கவனம் வேண்டும். டோக்கியோவில் 24 மணிநேர அளவுகளின் சராசரி. அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்த எண் வேறு. எந்த முறையை எடுத்தாலும் தொடர் முழுக்க அதுவே இருக்கட்டும்.