வாசலைப் பெருசாக்கினால் வீடு சிறுத்துவிடும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் ரிசார்ட்டுகளுக்கும் சின்னப் பூங்காக்களுக்கும் சிமெண்ட் பாறை, சிமெண்ட் மரம், குகை, பாலம் எல்லாம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். அதற்கு முன்னால் சினிமா செட் வேலையில் இருந்தேன். அதனால் டிஸ்னிலாண்ட் மாதிரி இடங்களை எப்படிக் கட்டினார்கள் என்று யார் எழுதினாலும் உட்கார்ந்து படித்துவிடுவேன், படம் கிடைத்தால் அதில் மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். என்னிடம் வருகிற பார்ட்டிகள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி கேட்பது ஒன்றுதான்: "நல்லா பெருசா பண்ணுங்க, பார்த்தா அசந்துரணும்." பெரிதாகக் கட்டுவது வேறு, பெரிதாகத் தெரிவது வேறு என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தொண்டை வறளச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைத்து லிங்க் அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறேன்.

தொட்டபெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2,637 மீட்டர், நீலகிரியிலேயே அதுதான் உயரம். ஆனால் ஊட்டியில் நின்றுகொண்டு அதைக் காட்டினால் "அதா?" என்று கேட்பார்கள். ஊட்டியே ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருக்கிறது, மிச்சம் நானூறு மீட்டர்தான், அதுவும் சோலை மூடிய சாய்வு. இதே மலைகளை மேட்டுப்பாளையம் பக்கமிருந்து பாருங்கள், அங்கே தரை முன்னூத்திச் சொச்சம் மீட்டர், கழுத்து வலிக்கும். கொடைக்கானல் தூண் பாறையும் அப்படித்தான். 400 அடி செங்குத்துப் பாறை, ஆனால் பக்கத்தில் ஒரு படியோ ஜன்னலோ இல்லாததால் கண்ணுக்குப் பிடி கிடைப்பதில்லை, பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று சோளம் வாங்கப் போய்விடுகிறார்கள். நிஜ மலையே இந்தப் பாடு படும்போது சிமெண்ட் மலை எம்மாத்திரம்.

கண் எதையும் அடிக்கணக்கில் அளப்பதில்லை. உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த சில சாமான்களை வைத்துத்தான் அளக்கிறது. படி என்றால் கால் தூக்கும் உயரம், கதவு என்றால் தலை இடிக்காத உயரம், கைப்பிடி என்றால் இடுப்பு. நம் மலையில் இன்னொரு அளவுகோலும் உண்டு, தேயிலைச் செடி. கொழுந்து பறிக்க வசதியாக இடுப்பளவுக்குக் கவாத்து பண்ணி வைத்திருப்பதால், எதிர்ச் சரிவில் செடி வரிசையைப் பார்த்ததுமே அந்த மலை எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று இங்கே பிறந்தவர்களுக்குப் பிடிபட்டுவிடும். இந்தத் தெரிந்த சாமான்களில் ஒன்றில் பொய் சொன்னாலும் மேலே கட்டியது மொத்தமும் ஆட்டம் கண்டுவிடும்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் குடில். அசல் குடில் வளைந்த கூரை, மூங்கிலும் பிரம்பும் கட்டி மேலே புல் வேய்ந்தது, ஏறத்தாழ 10 அடி உயரம், 18 அடி நீளம், 9 அடி அகலம். முகப்பை முழுக்க அடைத்துவிட்டு நடுவில் சுமார் 3 அடிக்கு 3 அடி ஒரே ஒரு வாசல் விட்டிருப்பார்கள், தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அந்தச் சின்ன வாசல் செய்கிற வேலை தெரியும். வாசல் என்றால் ஆள் உயரம் என்று கண் பழக்கத்தில் கணக்குப் போட்டுவிடுகிறது, உடனே கூரை இருபது அடியைத் தாண்டிவிடுகிறது. ஒரு ரிசார்ட்டில் இதே அளவில் ஒன்று போட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து பார்த்தார். "ஏனுங்க, கெஸ்ட்டுங்க தவழ்ந்து போவாங்களா? நிமுந்து போற மாதிரி வாசலை வெட்டீருங்க" என்றார். பணம் கொடுக்கிறவர், வெட்டினோம். 10 அடிக் குடிலில் ஆறரை அடி வாசல். இப்போது அது பஸ் ஸ்டாப் மாதிரி நிற்கிறது. உயரத்தில் ஓர் அங்குலம்கூடக் குறைக்கவில்லை. (ஒரு சமூகத்தின் வீட்டை செல்ஃபி எடுக்கிற இடமாக்குவதே எனக்கு உறுத்தல்தான். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1955-ல் திறந்த டிஸ்னிலாண்டைத் திட்டமிட்டவர்களில் பலர் சினிமா ஆர்ட் டைரக்டர்கள். அவர்களுக்கு இந்த வித்தை தண்ணி பட்ட பாடு. உள்ளே நுழைந்ததும் வருகிற கடைத்தெரு மெயின் ஸ்ட்ரீட், அதன் கடைகளில் கீழ்த்தளம் மனிதர் புழங்குகிற அளவை ஒட்டியே இருக்கும், மாடி அதைவிடச் சிறியது, அதற்கு மேல் இன்னும் சிறியது. கை படும் இடம் வரை யோக்கியமாக இருந்துவிட்டு அதற்கு மேலேதான் ஏமாற்றுகிறார்கள். கோட்டை வெறும் 77 அடி. 1971-ல் புளோரிடா டிஸ்னி பூங்காவில் கட்டிய கோட்டை 189 அடி, அதை 200-ஐ எட்டவிடவில்லை, காரணம் அந்த உயரத்தைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு போட வேண்டியிருக்கும். தேவதைக் கதைக் கோட்டையின் உச்சியில் செல்போன் டவர் விளக்கு எரிந்தால் யார் நம்புவார்கள்?

1959-ல் டிஸ்னிலாண்டில் வந்த மேட்டர்ஹார்ன் மலை 147 அடி, ஸ்விட்சர்லாந்தில் இருக்கும் அசலில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. மேலே போகப் போகச் சின்ன மரங்களாக நட்டார்கள், அபாரமான யோசனை. அப்புறம் என்ன செய்தார்கள் என்றால், மலையேறுகிறவர்களை வேடிக்கைக்காக அதன் மேலேயே ஏறவிட்டார்கள்! உச்சியில் ஒரு ஆள் நின்றதுமே அவர் கால்மாட்டில் இருக்கும் மரம் செடியாகிவிடும், மலை குன்றாகிவிடும். ஷோ என்ற வகையில் சரி, என் தொழிலில் இருக்கிறவனுக்கு வயிறு எரியும்.

2006-ல் புளோரிடாவில் டிஸ்னி வடிவமைப்பாளர் ஜோ ரோடி தலைமையில் கட்டிய எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற ரோலர் கோஸ்டர் மலை இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தாண்டியது. 199 அடிச் சொச்சம்தான் உயரம், 8,800 மீட்டர் மலையை அதற்குள் எப்படி அடக்குவது? அவர்கள் அடக்கவே இல்லை. எதிரே பெரிதாக நிற்பது கதைக்காகக் கற்பனை செய்த வேறொரு மலை. எவரெஸ்ட் அதற்குப் பின்னால் ஓரமாக, சின்னதாக, பனி மூடித் தெரிகிற சிகரம். பக்கத்தில் நிற்பதாகச் சொன்னால் உயரத்தைக் கேட்பார்கள், தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் கேட்க மாட்டார்கள். முன்னால் ஒரு கிராமம், அதில் நாம் தொட்டுப் பார்க்கிற அளவில் கதவு, ஜன்னல், கொடி. அது வரைக்கும் நம்பிவிட்டால் மலையையும் சேர்த்து நம்பிவிடுவோம்.

பாறை வேலையில் எல்லாரும் சறுக்குகிற இடம் விரிசல். கம்பி கட்டி, கோழி வலை போர்த்தி, சிமெண்ட் கலவை பூசி, அது இறுகுவதற்குள் கரண்டி முனையால் விரிசல் கீற வேண்டும். அவசரத்தில் கையகல விரிசலாக நாலு இழுத்துவிட்டால் 12 அடிப் பாறையும் தெருவில் கிடக்கிற கல்லைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது போலத்தான் தெரியும். பெரிய பாறை என்று நம்ப வேண்டுமானால் விரிசல் மெல்லிசாக, நிறைய, ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து போக வேண்டும், நடுவில் கொஞ்ச இடம் ஒன்றுமே இல்லாமல் சும்மா விட வேண்டும். அந்தச் சும்மா விடுகிற இடம்தான் கஷ்டம், புதுப் பையன்களுக்குக் கை நிற்காது. நிறமும் உண்டு. நம் மலை சார்னோகைட் என்ற கடினப் பாறை, மழையில் தேய்ந்து உருண்டு கருத்துப்போனது. பார்ட்டியோ போனில் 2012-ல் டிஸ்னி பூங்காவில் வந்த கார்ஸ் லாண்ட் என்ற பகுதியின் போட்டோவைக் காட்டி அந்தச் செம்பாறை வேண்டும் என்கிறார். அங்கே அது எடுபடுகிறது, ஏனென்றால் அமெரிக்கப் பாலைவனத்துச் சாலையைத்தான் காட்டுகிறார்கள். இங்கே பின்னால் சில்வர் ஓக் மரமும் தோட்டத் தொழிலாளர் லயன் வீடும் தெரிகிற இடத்தில் செம்பாறை நட்டால் லாரியிலிருந்து விழுந்தது போலக் கிடக்கும். டிஸ்னிலாண்ட் ஆரஞ்சுத் தோட்டம் இருந்த சமவெளி, சுற்றிலும் மண்மேடு போட்டு வெளியுலகை மறைத்துவிட்டார்கள். மலைச்சரிவில் எந்த மேடு போட்டு எதிர் மலையை மறைப்பது? அதோடு ஒத்துப்போவதுதான் ஒரே வழி. நாங்கள் சாம்பல் பூச்சு அடித்து மோர் தெளித்து விடுவோம், பாசி பிடித்துவிட்டால் பாதி வேலையை மழை பார்த்துக்கொள்ளும்.

நம்பவைக்க இன்னொரு வழி, உழைப்பின் தடயத்தைக் காட்டுவது. நம் மலை ரயிலை டாய் டிரெயின் என்று கொஞ்சுகிறார்கள், மீட்டர் கேஜ், டிஸ்னிலாண்ட் ரயிலின் 3 அடிப் பாதையைவிட ஒரு கை அகலம்தான் கூடுதல். ஆனால் கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே எண்ணெய் படிந்த பல் பட்டை, பின்னாலிருந்து மூச்சுவாங்கிக்கொண்டு தள்ளும் எஞ்சின், இதையெல்லாம் பார்த்தவர் யாரும் 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தைச் சந்தேகப்பட மாட்டார். 2019-ல் டிஸ்னிலாண்டில் வந்த 14 ஏக்கர் ஸ்டார் வார்ஸ் பகுதியில் நடைபாதை சிமெண்டிலேயே ரோபோ சக்கரத் தடங்களைப் பதித்து வைத்தார்கள். நூறு அடிக்கு மேல் நீளமான விண்கலத்தை நிறுத்தியதைவிட எனக்கு அந்தத் தடம் பெரிய விஷயம்.

தண்ணீர்தான் யாருக்கும் அடங்காது. பாறையைச் சிறிதாக்கலாம், மரத்தைச் சிறிதாக்கலாம், துளியைச் சிறிதாக்க முடியாது, விழும் வேகத்தையும் மாற்ற முடியாது. 12 அடியிலிருந்து விழ ஒரு நொடிகூட ஆகாது. குன்னூர் டால்பின் நோஸில் நின்று எதிரே கேத்தரின் அருவியைப் பாருங்கள், 250 அடி, மேலே ஒரு திரளைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினால் நாலு நொடியாவது ஆகும், தூரத்திலிருந்து பார்க்க அவசரமே இல்லாமல் இறங்குவது போலிருக்கும். உயரம் என்று மூளை படிப்பது அந்த நிதானத்தைத்தான். சினிமாவில் மினியேச்சர் அருவியை வேகமாகப் படம் பிடித்து மெதுவாக ஓட்டித் தப்பிக்கலாம், ரிசார்ட்டில் முடியாது.

இப்போது கோத்தகிரிப் பக்கம் கையில் இருக்கிற வேலையும் அருவிதான், 12 அடிச் சுவர். தண்ணீர் கிளம்பும் இடம் தெரியாதபடி மேலே மரப்பெரணி வைக்கிறோம். ஒரே தாவலாக விழாமல் நாலைந்து இடத்தில் பாறையில் பட்டு உடைந்து நூல் நூலாக வர வேண்டும், எந்தத் துளியையும் கண் இரண்டு அடிக்கு மேல் பின்தொடரக் கூடாது. நடக்கிற பாதையை அருவியிலிருந்து தள்ளி, ஒரு வளைவுக்கு அப்பால் கொண்டுபோயிருக்கிறேன், முன்னால் போட்டோ மேடை கிடையாது. முதலாளி எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டார். ஊதா எல்இடி மட்டும் வேண்டுமாம், ராத்திரியில் மாறி மாறி எரிகிற மாதிரி.