பண்டிதரும் பத்தாம் வகுப்பும் ஒரே தாளில்

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலுள்ள எங்கள் மகாஜனக் கல்லூரியைப் பற்றி, இப்படி ஒரு பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொன்னால் நம்மவர்கள் உதைபந்தாட்டத்தில்தான் தொடங்குவார்கள். அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மைதானத்து ஓரத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவர்களில் நானும் ஒருவன். ஆனால் பந்து என் காலுக்கு ஒருபோதும் கட்டுப்பட்டதில்லை. என் போன்றவர்களுக்குக் கிடைத்த புகலிடம் கல்லூரிச் சஞ்சிகை.

1910இல் கல்லூரியை நிறுவிய பாவலர் துரையப்பாபிள்ளையே ஒரு பத்திரிகையாளர்தான். 'உதயதாரகை'யின் ஆசிரியராக இருந்தவர். கும்மியும் கீர்த்தனையும் நாடகமும் எழுதியவர். அவர் காலூன்றிய இடத்தில் எழுத்துப் பைத்தியம் தொற்றாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கவிஞர் மஹாகவி, எழுத்தாளர்கள் அ. ந. கந்தசாமி, அ. செ. முருகானந்தன் மூவரும் கல்லூரியடி அம்பனைச் சந்தியைக் கடந்து வந்து படித்தவர்கள். மாணவப் பருவத்திலேயே 'ஈழகேசரி' பத்திரிகையில் எழுதத் தொடங்கினார்கள். பிறகு 1946இல் 'மறுமலர்ச்சி' சஞ்சிகை வந்தபோது எழுத்தாளர் வரதரோடு சேர்ந்து அதன் ஆசிரியராக இருந்தவர் அ. செ. மு. ஈழத்து நவீன இலக்கியத்தின் ஒரு பெரிய பங்கு தெல்லிப்பழைக்கும் அளவெட்டிக்கும் இடையிலான அந்தச் சில மைல் தூரத்தில் விளைந்தது என்று நான் சொன்னால், யாழ்ப்பாணத்தின் இன்னொரு பகுதியான வடமராட்சியின் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

நான் படித்த காலத்தில் அந்த மூவரும் எங்களுக்குப் பாடப்புத்தகத்துப் பெயர்கள் அல்லர், ஊர்க்காரர்கள். இன்னாருடைய மகன், இன்ன ஒழுங்கையில் வீடு என்றுதான் பேசுவோம். 1968இல் அ. ந. கந்தசாமியும் 1971இல் மஹாகவியும் மறைந்தபோது இருவருக்கும் ஐம்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் சஞ்சிகையின் சிறப்பு, அது பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பியாக இல்லாததுதான். அதிபர் அறிக்கை, இல்ல விளையாட்டுப் போட்டி முடிவு, சாரணர் பாசறை எல்லாம் வழக்கம்போல் இருக்கும்; அவற்றை யாரும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. நடுப்பக்கங்களில்தான் சரக்கு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஒரு பழைய மாணவர், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கட்டுரையோடு வருவார். தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர் சிறுகதை தருவார். ஓய்வு பெற்ற பண்டிதர் ஒருவர் இலக்கணக் கட்டுரை எழுதுவார். இவர்களுக்கு அடுத்த பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பையனின் கவிதை, அதே எழுத்தளவில், அதே தாளில்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஒருமுறை கிணறுகளைப் பற்றி எழுதினார். நம் மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்; மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது; துலா மிதித்து இறைத்த காலத்தில் எடுத்த அளவுக்கு ஊறியது; இயந்திரம் வந்த பிறகு ஊறுவதைவிட அதிகமாக இறைக்கிறோம், அதனால் உப்பு மேலே ஏறும் என்பது அதன் சாரம். வெங்காயமும் புகையிலையும் செய்த தகப்பன்மார் அந்தக் கட்டுரைக்காகவே சஞ்சிகையைப் பிள்ளைகளிடமிருந்து பறித்து வாசித்தார்கள். சந்தியில் வாக்குவாதம் நடந்தது. இறைப்பை யாரும் குறைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் ஒரு பாடசாலைச் சஞ்சிகை தோட்டக்காரரைக் கோபப்படுத்தியது. அது சின்னச் சாதனையா?

பொறுப்பாசிரியர் கத்தரிக்கோலுக்குப் பெரியவர் சிறியவர் தெரியாது. பண்டிதரின் கட்டுரையில் முகப்பு வணக்கம் மட்டும் இரண்டு பக்கம் நீண்டபோது அதையும் வெட்டினார். அச்சுப்படியைப் பண்டிதர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் திண்ணையில் இருந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முழுவதையும் வாசித்தார். நான் அடிக்குத் தயாராக நின்றேன். "வெட்டின இடம் சரிதான், தம்பி. ஆனால் அடுத்த முறை வெட்ட முதல் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லும்" என்றார். பிறகு நான் எங்கே சந்திப் பிழை விட்டிருக்கிறேன் என்று என் கவிதையையும் பார்த்துச் சொன்னார். பல்கலைக்கழகத்தில்கூட எனக்கு அப்படி ஒரு வகுப்பு கிடைக்கவில்லை.

அச்சுவேலை சுன்னாகத்தில். 'ஈழகேசரி'யையும் கணேசையரின் தொல்காப்பியப் பதிப்பையும் தந்த திருமகள் அழுத்தகத்தின் ஊர் அது. மல்லாகம் தாண்டி சைக்கிளில் போய் அச்சுப்படியை ஒப்புநோக்கிவிட்டு வருவோம். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் தாள் கிடைக்காமல் பக்கங்கள் மெலிந்தன. அப்போது பொறுப்பாசிரியர் முதலில் நீக்கியது வாழ்த்துச் செய்திகளை.

1990இல் போர் மீண்டும் மூண்டு எங்கள் ஊர்கள் அடங்கிய வலிகாமம் வடக்குப் பகுதி முழுவதுமே எழுந்து ஓடியபோது, வீட்டு அலுமாரிகளில் இருந்த பழைய பிரதிகளை யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? பிள்ளைகளையும் கிழவிகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடு. நூலகம் நிறுவனத்தார் 2005இலிருந்து ஈழத்து நூல்களோடு பாடசாலை மலர்களையும் மின்வருடி இணையத்தில் ஏற்றி வருவதால், நம் பிள்ளைகள் இன்று அவற்றில் சிலவற்றையாவது பார்க்க முடிகிறது.

இனி மலர்க்குழுவினருக்கு ஒரு வார்த்தை. புலம்பெயர்ந்த நாடுகளில் எந்தப் பாடசாலையின் மலரை எடுத்தாலும் முதல் முப்பது பக்கம் வாழ்த்துச் செய்தியும் பட்டுச்சேலைப் படங்களுமாக இருக்கிறது. நமக்குள் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், நல்ல கதைக்காரர்கள் இருக்கிறார்கள். வாழ்த்துக் கேட்காமல் அவர்களிடம் கட்டுரை கேளுங்கள். ஊரில் இப்போது படிப்பிக்கும் ஆசிரியர்களிடமும் கேளுங்கள். கிணற்று நீர் இன்று எப்படி இருக்கிறது என்று அவர்களில் ஒருவர் எழுதினால் நான் முதல் ஆளாக வாசிப்பேன். அடுத்த மலருக்கு ஒப்புநோக்க ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். கண் மங்கினாலும் சந்திப் பிழை இன்னும் தெரிகிறது.